மதுரைக்கு முன்னாடி என்ன வரும்? இங்கிலீஷ் வாக்கியத்துல ஊர் பேர்

எங்க சித்தி பையன் பெங்களூர் கம்பெனி ஒண்ணுல வேலை பாக்கறான், மாசத்துல பாதி நாள் வீட்லேருந்தே வேலை, அதனால எந்த நாள் எந்த ஊர்ல இருக்கான்னு மேனேஜருக்கு சொன்னாத்தான் தெரியும். மேனேஜருக்கு தமிழ் தெரியாது, மெசேஜ் எல்லாம் இங்கிலீஷ்லதான். ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஏறப்போற நேரத்துல இவன் 'ஐ ஆம் லீவிங் மதுரை டுநைட்'னு போட்டுட்டு ஃபோனை பாக்கெட்ல வெச்சுட்டான். இவன் மனசுல இருந்தது 'இன்னிக்கு நைட் மதுரை கிளம்பறேன்'. அவர் படிச்சது 'இன்னிக்கு நைட் மதுரையை விட்டு கிளம்பறேன்'. சரி, பையன் காலைல பெங்களூர் வந்துடுவான்னு நம்பி 10 மணி மீட்டிங்ல நேர்ல உக்கார இவன் பேரை போட்டுட்டார், இவன் அந்த நேரம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கி டீ குடிச்சிட்டு இருந்தான். நடுவுல 'ஃபார்'னு ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, அவ்வளவுதான். 'லீவிங் ஃபார் மதுரை'ன்னா மதுரைக்கு கிளம்பறது, 'லீவிங் மதுரை'ன்னா மதுரையை விட்டு கிளம்பறது, திசையே தலைகீழா மாறிடுது.

அன்னிக்குலேருந்து இதை எழுதணும்னு இருந்தேன். நம்ம ஆளுங்க டென்ஸ் எல்லாம் ஓரளவு சரியா எழுதிடறாங்க, ஊர் பேர் வர்ற இடத்துலதான் தடுமாறுறாங்க. அதுக்கு காரணம் இங்கிலீஷ்ல இல்ல, நம்ம தமிழ் வேலை செய்யற விதத்துல இருக்கு, அதை புரிஞ்சுகிட்டா முக்கால்வாசி தப்பு தானா போயிடும்.

தமிழ்ல ஊர் பேரோட வாலிலேயே எல்லாம் ஒட்டிக்கும். மதுரையில, மதுரைக்கு, மதுரையிலேருந்து, மதுரையை, மதுரையோட. பள்ளிக்கூடத்துல வேற்றுமை உருபுன்னு படிச்சோமே அதான். இங்கிலீஷ்ல மதுரைங்கற பேர் அசையாது, அப்படியே நிக்கும், 'மதுரையோட'ங்கறதுக்கு வர்ற 'ஸ்' ஒண்ணுதான் வால்ல ஒட்டும், மத்த வேலை எல்லாம் முன்னாடி வர்ற குட்டி வார்த்தை பாத்துக்கும். இன், அட், ஆன், டு, ஃபார், ஃப்ரம். சில சமயம் முன்னாடி ஒண்ணுமே வராது, அதுவும் ஒரு அர்த்தம்தான், 'லீவிங் மதுரை'ல பாத்தோமே.

இன்னொரு சிக்கல், பேசும்போது நாம அந்த வாலையும் முழுங்கிடறோம். 'மதுரை போறேன்', 'சென்னை வந்துட்டேன்', 'திருச்சி தாண்டியாச்சு'ன்னு சொல்றோம், தமிழ்ல கேக்கறவங்களுக்கு தானா புரியும். அதே பழக்கத்துல 'ஐ ஆம் கோயிங் மதுரை'ன்னு வந்துடும். 'டு' கண்டிப்பா வேணும், 'ஐ ஆம் கோயிங் டு மதுரை'.

சரி, 'மதுரைக்கு'ன்னு க்கு வந்தா எப்பவும் 'டு' போட்டா போதுமான்னா, போதாது, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. கோ, கம், டிராவல், ட்ரைவ், ரிட்டர்ன் இதுக்கெல்லாம் டு வரும். ஆனா ரீச் அப்படிங்கற வினைக்கும் விசிட்ங்கற வினைக்கும் பின்னாடி டு வரவே கூடாது. 'மதுரைக்கு வந்து சேர்ந்தேன்'ல ஒரு க்கு இருக்கறதால நம்ம கை தானா 'ஐ ரீச்ட் டு மதுரை'ன்னு எழுதும், சரியானது 'ஐ ரீச்ட் மதுரை'. இங்கிலீஷ்காரங்க காதுல ரீச்ங்கறது 'தொடறது' மாதிரி, மதுரையை தொட்டேன், அங்க க்கு எதுக்கு? விசிட்டும் அப்படித்தான், 'ஐ விசிட்டட் மதுரை', மதுரையை போய் பாத்தேன்னு தமிழ் 'ஐ' உருபு போட்டு யோசிங்க, டு தானா விழுந்துடும். ஆனா அதே விசிட் பெயர்ச்சொல்லா வந்தா டு திரும்ப வந்துடும், 'மை விசிட் டு மதுரை'. இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி ஒரு தடவை பாத்துக்கங்க, அப்புறம் மறக்காது.

அரைவ் இன்னும் கொஞ்சம் நுணுக்கம். இதுக்கும் டு வராது. ஊருன்னா 'அரைவ்ட் இன் மதுரை', ஸ்டேஷன், ஏர்போர்ட், ஹோட்டல், கல்யாண மண்டபம் மாதிரி ஒரு குறிப்பிட்ட இடம்னா 'அரைவ்ட் அட் மதுரை ஜங்ஷன்'. அப்புறம் ஹோம், அப்ராட், ஹியர், தேர் இந்த நாலும் க்குவை உள்ளேயே வெச்சிருக்கற வார்த்தைங்க. ஹோம்னாலே 'வீட்டுக்கு', அப்ராட்னாலே 'வெளிநாட்டுக்கு' அல்லது 'வெளிநாட்டுல'. அதனால 'கோ ஹோம்', 'கோ அப்ராட்', நடுவுல டு கிடையாது. 'ஹி இஸ் இன் ஃபாரின்'னு நம்ம ஊர்ல சகஜமா சொல்லுவோம், வெளியில எழுதும்போது 'ஹி இஸ் அப்ராட்'னு மாத்திக்கங்க.

இப்ப 'ல'. மதுரையில. இதுக்கு பொதுவா இன், 'ஷி லிவ்ஸ் இன் மதுரை'. ஊர், மாவட்டம், மாநிலம், நாடு எல்லாம் இன்தான், ஏன்னா அதெல்லாம் ஒரு பரப்பு, நாம அதுக்குள்ள இருக்கோம். அதே ஊரை ஒரு புள்ளியா பாத்தா அட் வரும். ரயில்ல போறவனுக்கு விழுப்புரம் ஊரே இல்ல, ரூட்ல ஒரு புள்ளி, அதனால 'தி ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்', 'வி சேஞ்ச்ட் ட்ரெய்ன்ஸ் அட் விழுப்புரம்'. அங்கயே வீடு கட்டி குடியிருக்கறவருக்கு 'இன் விழுப்புரம்'. ஊர் ஒண்ணுதான், பாக்கற கண்ணு வேற. இதை நான் ரொம்ப அழகான விஷயமா நினைக்கறேன், இலக்கணம்னு பயமுறுத்தாம இப்படி சொல்லிக் குடுத்தா பசங்க கப்புனு பிடிச்சுக்கறாங்க.

பழைய சட்ட இங்கிலீஷ்ல ஊருக்கே அட் போடற வழக்கம் இருந்தது, அதோட மிச்சம் இன்னும் நம்ம கண்ணு முன்னாடி இருக்கு. 1862ல ஆரம்பிச்ச நம்ம ஹைகோர்ட்டோட முழு பேர் 'ஹைகோர்ட் ஆஃப் ஜூடிகேச்சர் அட் மெட்ராஸ்'. அதை பாத்துட்டு 'ஐ வொர்க் அட் மெட்ராஸ்'னு எழுதினா இன்னிக்கு பழைய தாசில்தார் ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கும், தப்புன்னு அடிக்க மாட்டேன், ஆனா ரெஸ்யூமேல 'இன்' போடுங்க.

'ல'வுக்கு ஆன் வர்ற இடமும் இருக்கு. ஆத்தங்கரை ஊருங்களை பத்தி எழுதும்போது இது ரொம்ப முக்கியம். மதுரை வைகைக் கரையில இருக்கு, இதை 'மதுரை இஸ் ஆன் தி வைகை'ன்னு சொல்லணும். 'இன் தி வைகை'ன்னா ஊரே தண்ணிக்குள்ள கிடக்குன்னு ஆயிடும். திருச்சி ஆன் தி காவேரி, லண்டன் ஆன் தி தேம்ஸ், எல்லாம் ஒரே கணக்கு. தீவுக்கும் ஆன் உண்டு, ராமேஸ்வரத்தை வெச்சு பாத்தா சட்டுனு புரியும், 'ராமேஸ்வரம் இஸ் ஆன் பாம்பன் ஐலண்ட்', ஆனா அங்க குடியிருக்கறவர் 'ஐ லிவ் இன் ராமேஸ்வரம்'னுதான் சொல்லுவார், முதல்ல சொன்னது தீவு, ரெண்டாவது சொன்னது ஊர். இலங்கை தீவுதானேன்னு கேக்கலாம், அது ஒரு நாடு, அதனால 'இன் ஸ்ரீலங்கா'. ரோடு பேர்ல மட்டும் ரெண்டு கட்சி இருக்கு, 'இன் மவுண்ட் ரோடு'ன்னு பிரிட்டிஷ் பழக்கம், 'ஆன் மவுண்ட் ரோடு'ன்னு அமெரிக்க பழக்கம், எது போட்டாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. கதவு நம்பரோட சொன்னா அட்.

திசையும் சேர்ந்து வந்தா கவனமா இருங்க. மகாபலிபுரம் 'சவுத் ஆஃப் சென்னை', அதாவது சென்னைக்கு தெற்கே, வெளியில. அடையாறு 'இன் சவுத் சென்னை', சென்னைக்கு உள்ளேயே தெற்குப் பக்கம். தமிழ்ல 'சென்னைக்கு தெற்கே'ன்னும் 'தென் சென்னையில'ன்னும் சரியா பிரிச்சு சொல்ற நாம இங்கிலீஷ்ல ரெண்டையும் போட்டு குழப்பிக்கறோம்.

அடுத்தது 'லேருந்து'. இதுக்கு ஃப்ரம், அதுல கஷ்டம் இல்ல, கஷ்டம் அதுக்கு முன்னாடி வர்ற வினையில இருக்கு. 'ஐ ஆம் ஃப்ரம் மதுரை'ன்னா என் சொந்த ஊர் மதுரை. 'ஐ கம் ஃப்ரம் மதுரை'ன்னாலும் அதேதான். 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் மதுரை'ன்னா இப்ப மதுரையிலேருந்து வந்துகிட்டே இருக்கேன், பஸ்ல இருக்கேன். இன்டர்வியூல 'வேர் ஆர் யூ ஃப்ரம்'னு கேட்டா நம்ம பசங்க பாதி பேர் 'ஐ ஆம் கமிங் ஃப்ரம் மதுரை'ன்னு சொல்றாங்க, தமிழ்ல 'மதுரையிலேருந்து வர்றேன் சார்'னு ரெண்டு அர்த்தத்துக்கும் சொல்லுவோம் இல்லையா, அதான். 'நேட்டிவ் பிளேஸ்' பத்தியும் ஒரு வார்த்தை. அது இந்திய இங்கிலீஷ்ல நல்லா ஊறிப்போன சொல், நம்ம நாட்டுக்குள்ள யாருக்கும் புரியும், அதுல வெக்கப்பட எதுவும் இல்ல. ஆனா 'ஐ ஆம் கோயிங் டு மை நேட்டிவ்'னு பாதியில விட்டா வெளிநாட்டுக்காரங்களுக்கு புரியாது, அவங்ககிட்ட 'ஹோம்டவுன்'னு சொல்லுங்க.

'டெல்லிக்கு போயிருக்கார்' அப்படிங்கற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கங்க. அவர் இப்ப டெல்லியில இருக்காருன்னும் அர்த்தம் வரும், வாழ்க்கையில எப்பவோ டெல்லி போய் வந்தவர்னும் அர்த்தம் வரும், பேச்சை வெச்சு நாம புரிஞ்சுக்கறோம். இங்கிலீஷ் இதை மூணா உடைக்குது. 'ஹி ஹேஸ் கான் டு டெல்லி', போயிருக்கார், இன்னும் திரும்பல. 'ஹி ஹேஸ் பீன் டு டெல்லி', போய் வந்தவர், இப்ப இங்கதான் இருக்கார். 'ஹி ஹேஸ் பீன் இன் டெல்லி ஃபார் டூ இயர்ஸ்', ரெண்டு வருஷமா அங்கயே இருக்கார். ஆபீஸ்ல யாராவது உங்க சாரை தேடி ஃபோன் பண்ணா 'ஹி ஹேஸ் பீன் டு டெல்லி'ன்னு சொல்லிடாதீங்க, அவர் லைன்லயே காத்திருப்பார்.

இனிமே 'தி'. என்கிட்ட அதிகமா கேக்கற சந்தேகம் இதுதான், கொஞ்சம் நிதானமா பாக்கலாம். மதுரைக்கு முன்னாடி தி வராது, இந்தியாவுக்கு வராது, ஆசியாவுக்கு வராது. ஊர், மாநிலம், நாடு, கண்டம் இதெல்லாம் ஒரு ஆளோட பேர் மாதிரி, 'தி முருகன்'னு சொல்லுவோமா? அப்ப எதுக்கு வரும்னா, பேரே ஒரு கூட்டத்தையோ வர்ணனையையோ சொல்லும்போது வரும். தி பிலிப்பைன்ஸ், தி மால்டீவ்ஸ், ரெண்டும் பல தீவுகளோட கூட்டம், கடைசியில ஒரு ஸ் இருக்கு பாருங்க, அந்த ஸ்தான் அடையாளம். தி நெதர்லாண்ட்ஸ், தாழ்வான நிலங்கள்னு பன்மை. தி யுனைட்டட் ஸ்டேட்ஸ், தி யுனைட்டட் கிங்டம், இதுல ஸ்டேட்ஸ், கிங்டம்னு சாதாரண சொல் உள்ளே இருக்கு. நம்ம ஊர்ல இதுக்கு நல்ல உதாரணம் நீலகிரி. இங்கிலீஷ்ல அது 'தி நீல்கிரிஸ்', மாவட்டத்துக்கே அந்த தியோடதான் பேர். ஊட்டி தி இல்லாம, நீல்கிரிஸ் தியோட, 'ஊட்டி இஸ் இன் தி நீல்கிரிஸ்'.

மலைத்தொடருக்கு தி, ஒத்தை சிகரத்துக்கு இல்ல. தி ஹிமாலயாஸ், தி வெஸ்டர்ன் காட்ஸ், ஆனா எவரெஸ்ட், தொட்டபெட்டா சும்மா நிக்கும். ஆறு, கடல், பாலைவனம் எல்லாத்துக்கும் தி, தி வைகை, தி அரேபியன் சீ, தி சஹாரா. ஏரிக்கு மட்டும் முன்னாடி லேக்னு வந்தா தி கிடையாது, லேக் விக்டோரியா. 'ஆஃப்' நடுவுல வந்தா கண்ணை மூடிகிட்டு தி போடலாம், தி பே ஆஃப் பெங்கால், தி கல்ஃப் ஆஃப் மன்னார். ஒரே பல்கலைக்கழகத்தை 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி'ன்னா தி வேண்டாம், 'தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்'னா வேணும்.

விதிக்கு அடங்காத சிலதும் உண்டு. நெதர்லாண்ட்ஸ்ல ஹேக்ங்கற நகரம், ஊரா இருந்தும் 'தி ஹேக்'தான். ஆப்பிரிக்காவுல காம்பியா ஆத்தோட பேரால வந்த நாடு, ஆத்துக்கு தி உண்டு இல்லையா, அது நாட்டோட பேர்லயும் ஒட்டிகிட்டு 'தி காம்பியா'ன்னே அதிகாரப்பூர்வ பேரா இருக்கு. உக்ரைன் கதை வேற மாதிரி. சோவியத் யூனியன்ல இருந்தவரைக்கும் இங்கிலீஷ்ல 'தி உக்ரைன்'னு சொல்றது சகஜம். 1991ல தனி நாடானப்புறம் அந்த தி வேண்டாம்னு அவங்க கேட்டுகிட்டாங்க, ஏன்னா தி போட்டா ஏதோ ஒரு பெரிய நாட்டோட ஒரு பகுதின்னு தொனிக்குது, தனி நாடுன்னு தெரியறதில்ல. இன்னிக்கு பத்திரிகைங்க 'உக்ரைன்'னு மட்டும்தான் எழுதறாங்க. மூணெழுத்து குட்டி வார்த்தைதான், ஆனா ஒரு தேசத்துக்கு அதை தூக்கறது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம், அதனால பழைய புக்ல பாத்தேன்னு நீங்க எழுதிடாதீங்க.

இதை எல்லாம் படிச்சுட்டு 'தி மதுரை பஸ் இஸ் லேட்'னு ஒரு வாக்கியம் கண்ல பட்டா குழம்பிடுவீங்க, மதுரைக்கு தி வராதுன்னு சொன்னாரேன்னு. அந்த தி மதுரையோடது இல்ல, பஸ்ஸோடது. மதுரை அங்க பஸ்ஸுக்கு அடைமொழியா நடுவுல வந்து உக்காந்திருக்கு. ஒரு தடவை அந்த ஊர் பேரை தூக்கிட்டு படிங்க, 'தி பஸ் இஸ் லேட்', சரியா வருதா, அப்ப தி நிக்கட்டும். கோயம்புத்தூரை 'தி மான்செஸ்டர் ஆஃப் சவுத் இந்தியா'ன்னு சொல்றாங்களே, அங்கயும் மான்செஸ்டர் ஊர் பேரா இல்ல, 'மில் நகரம்'ங்கற பொதுச்சொல் மாதிரி ஆயிடுச்சு, அதனாலதான் தி.

கமா விஷயம் சின்னதுதான், சீக்கிரம் சொல்லிடறேன். ஊருக்கு பின்னாடி மாநிலம் வந்தா நடுவுல ஒரு கமா, வாக்கியம் தொடர்ந்தா மாநிலத்துக்கு பின்னாடியும் ஒரு கமா. இது அழகுக்காக இல்ல. அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்தோட தலைநகர் பேர் சேலம், அதே மாநிலத்துல மெட்ராஸ்னும் ஒரு ஊர் இருக்கு. கனடாவுல ஆன்டாரியோவுல ஒரு லண்டன் இருக்கு. வெளிநாட்டு ஆளுக்கு எழுதும்போது வெறும் சேலம்னா எந்த சேலம்னு அவர் எப்படி கண்டுபிடிப்பார்?

நியூஸ்ல 'டெல்லி ரிஜெக்ட்ஸ் தி ப்ரபோசல்'னு வந்தா டெல்லி மக்கள் இல்ல, மத்திய அரசு. வாஷிங்டன்னா அமெரிக்க அரசு, ஹாலிவுட்னா அங்கத்த சினிமா தொழில், நாமளும் 'கோடம்பாக்கம் ஒத்துக்கல'ன்னு சொல்றோமே அதே வழக்கம்தான். ஊர் ஒண்ணு, அதனால வினை ஒருமையில. கிரிக்கெட்ல மட்டும் பிரிட்டிஷ் பழக்கப்படி 'இந்தியா ஆர் 250 ஃபார் 4'னு பன்மையில வரும், அங்க இந்தியான்னா 11 பேர்.

கடைசியா எந்த பேரை எழுதறதுங்கறது. 1996ல இங்கிலீஷ்லயும் மெட்ராஸ் சென்னை ஆச்சு, தமிழ்ல எழுதும்போது முன்னாடியும் சென்னைதான். ஆனா ஹைகோர்ட் பேர்லயும், 1857ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி பேர்லயும், ஐஐடி பேர்லயும் மெட்ராஸ் அப்படியே இருக்கு, அதை நாமளா 'சென்னை ஹைகோர்ட்'னு இங்கிலீஷ்ல திருத்தி எழுதக் கூடாது, நிறுவனத்தோட பேர் எது பதிவாகி இருக்கோ அதான். தஞ்சாவூர்னு ஊரை எழுதினாலும் அந்த ஓவியத்தை 'தஞ்சோர் பெயிண்டிங்'னுதான் இன்னும் எழுதறாங்க. 2020 ஜூன்ல தமிழ்நாடு அரசு 1018 ஊருங்களோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி ஒரு ஆணை வெளியிட்டு, நிறைய எதிர்ப்பு வந்ததும் அதே மாசம் திரும்ப வாங்கிடுச்சு, அதனால கோயம்புத்தூர் மாதிரி ஊருங்களுக்கு பழைய ஸ்பெல்லிங்தான் இன்னும். ஃபார்ம் நிரப்பும்போது பாஸ்போர்ட்ல, சர்டிஃபிகேட்ல எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே எழுதுங்க, திருச்சியை ஒரு இடத்துல சுருக்கியும் இன்னொரு இடத்துல திருச்சிராப்பள்ளின்னு முழுசாவும் எழுதி வெச்சா வெரிஃபிகேஷன்ல வீணா அலைய வேண்டி வரும்.

பழைய காலத்தை பத்தி எழுதும்போது அன்னிக்கு இருந்த பேரையே போடலாம். எங்க அப்பா 1968ல வேலை தேடி ஊரை விட்டு வந்தவர். அவரைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதணும்னா நான் சென்னைன்னு மாத்த மாட்டேன், அவர் இறங்கின எழும்பூர் ஸ்டேஷனோட இங்கிலீஷ் பேர்ல அப்ப மெட்ராஸ்தான் இருந்தது. 'ஹி லெஃப்ட் மதுரை ஃபார் மெட்ராஸ் இன் 1968, அண்ட் அரைவ்ட் அட் எக்மோர் வித் ஒன் ட்ரங்க் பாக்ஸ்.' லெஃப்ட்டுக்கு பக்கத்துல ஒண்ணுமே இல்லாம நிக்கற மதுரை அவர் விட்டுட்டு வந்த ஊர், ஃபாருக்கு அப்புறம் வர்ற மெட்ராஸ் அவர் தேடி வந்த ஊர், எக்மோர் ஸ்டேஷன், அதனால அட்.